மைக் பொத்தானும் மாமனார் பெயரும்

எங்கள் ஜிபார் கணினியில் முதல் முறையாக ஒரு பொத்தானை அழுத்தியபோது நாரின் மாவட்டம் முழுக்க மின்சாரம் போய்விட்டது. சரி, மாவட்டம் முழுக்க இல்லை, அவள் தெருவில் மட்டும். அதுவும் அவள் அழுத்தியதால் போகவில்லை, பனிக்காற்றில் கம்பி அறுந்துதான் போனது. ஆனால் இரண்டும் ஒரே நொடியில் நடந்தன என்பதற்கு நானே சாட்சி. அந்த நொடியில் நான் அடுத்த தெருவில் தூங்கிக்கொண்டிருந்தேன் என்பது வேறு விஷயம்.

இதை இன்று சொல்லாமல் வேறு என்றைக்குச் சொல்வது? பெரியவர் சகின்பெக் போய் ஒரு வருடம் ஆகிறது. அவர் வீட்டு முற்றத்தில் கொப்பரை நிறைய எண்ணெய் கொதிக்கிறது. போர்சோக் ரொட்டித் துண்டுகள் பொரியும் வாசனை போனவருக்குப் போய்ச் சேரும் என்பார்கள். பெண்கள் எல்லோரும் மாவைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். கத்தி பிடித்து மாவைச் சின்னச் சின்னச் சதுரமாக வெட்டுகிறவள் ஜிபார். அவர் மருமகள். கதையும் அவளுடையதுதான். வெட்டட்டும், நான் சொல்கிறேன்.

ஜிபாருக்கு நாற்பது தாண்டிவிட்டது. பிள்ளைகள் நகரத்துக்குப் போய்விட்டார்கள். கணவன் குளிர்காலம் முழுக்க ஆடுகளோடு மலைக்கொட்டிலில் கிடப்பான். மாமியார் காலமாகிப் பல வருடம். வீட்டில் இருந்தது அவளும் மாமனாரும், ஒரு மாடும்தான்.

கல்யாணத்துக்கு முன்னால் அவள் நாரினில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்திருந்தாள். முதல் வருடத்தின் பனி உருகுவதற்குள் தலையில் மருமகளுக்கான வெள்ளைத் துணியைக் கட்டி இந்த வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டார்கள். யாரையும் குறை சொல்ல மாட்டாள். ஆனால் பள்ளி திறக்கிற ஒவ்வொரு செப்டம்பர் முதல் நாளும் காலையில் பால் கறந்துவிட்டு வேலியோரம் வந்து நிற்பாள். வெள்ளை ரிப்பன் கட்டிக்கொண்டு பள்ளிக்குப் போகிற பெண்குழந்தைகள் கடைசி ஆள்வரை போய் முடிகிறவரை பார்த்துக்கொண்டே நிற்பாள். அவளுக்குப் பெண்பிள்ளை இல்லை. ஆனாலும் அவள் பெட்டியில் இஸ்திரி போட்ட ரிப்பன் ஒன்று உண்டு என்று அவள் ஓரகத்தி குமுஷாய் ஊரெல்லாம் சொல்வாள். ரிப்பன் என்றால் ஒன்றா, நாற்பது இருக்கும் என்று நான் சொல்வேன்.

அந்த வருடம் பழைய கிளப் கட்டடத்தைப் பழுது பார்த்து மழலையர் பள்ளி ஆக்கினார்கள். ஆசிரியர் வருவதற்கு முன்பே நாற்காலிகள் வந்துவிட்டன, முழங்கால் உயரம், மஞ்சளும் பச்சையும். பெருக்கித் தள்ள ஜிபாரைக் கூப்பிட்டார்கள். பெருக்கினாள். பிறகு நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, எதிரே போய் நின்றாளாம். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கதவைப் பூட்ட வந்த குமுஷாய் பார்த்துவிட்டாள்.

"யாருக்குடி பாடம் எடுக்கற?"

"சும்மா, வரிசை நேரா இருக்கான்னு பார்த்தேன், அக்கா."

"வரிசையைப் பார்க்கக் கண்ணு ஏன் கலங்கணும்?"

குமுஷாய் கிராம அலுவலகத்தில் கணக்கர். எந்தத் தகவலும் முதலில் அவள் காதுக்குத்தான் வரும். மழலையர் பள்ளி ஆசிரியருக்குச் சான்றிதழ் வேண்டும். அந்தப் படிப்பைத் தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து குளிர்காலம் முழுக்க இணையத்தில் நடத்துகிறார்கள். ஆனால் சேருவதற்கு முன்னால் ஒரு தேர்வு உண்டு. இணைப்பைத் திறக்கத் தெரிய வேண்டும், கேமராவையும் மைக்கையும் இயக்கத் தெரிய வேண்டும், ஒரு பக்கம் தட்டச்சு செய்து, பெயரிட்டுச் சேமித்து, இணைத்து அனுப்பத் தெரிய வேண்டும். இதெல்லாம் தெரியாமல் வகுப்புக்குள் வந்து தவிப்பவர்களைக் கைதூக்கிவிட யாராலும் கணவாய் தாண்டி வர முடியாது, பனி மூடியிருக்கும். அதனால்தான் அந்த விதி. நியாயமான விதிதான்.

"நீ சேர்," என்றாள் குமுஷாய்.

"நான் கம்ப்யூட்டரைத் தூசி தட்டித்தான் பார்த்திருக்கேன்."

"அதுவே பாதிப் படிப்பு. மீதியை நான் சொல்லித் தரேன்."

அலுவலக மடிக்கணினியை வீட்டுக்குக் கொண்டுவர அவளுக்கு அனுமதி இருந்தது. மதியம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டியபின் பாடம். முதல் நாள் பாடம் மின்சாரத்தோடு போயிற்று. இரண்டாம் நாள் பாடத்தைக் குமுஷாய் இன்றுவரை நடித்துக் காட்டுவாள்.

"அழுத்துடி."

"அழுத்திட்டேன், அக்கா."

"ரெண்டு தடவை."

"ரெண்டு தடவைதான் அழுத்தினேன்."

"நடுவுல போய் டீ குடிச்சுட்டு வந்து அழுத்தினா அது ரெண்டு தடவை ஆகாது. டக் டக்குனு. கதவைத் தட்டற மாதிரி."

"நம்ம ஊர்ல யாரு கதவைத் தட்டிட்டு உள்ள வரா?"

கணினியின் தொடுபலகை ஜிபாரின் விரலை விரல் என்றே ஒப்புக்கொள்ளவில்லை. பால் கறந்து, கயிறு இழுத்து, கம்பளி அடித்துக் காய்த்துப்போன விரல். தேய்க்கிறாள், அம்பு நகரவே இல்லை. "மாட்டு மடிக்குப் புரியுது, இந்தப் பெட்டிக்குப் புரியலையே," என்றாள். குமுஷாய் அவள் விரலில் வெண்ணெய் தடவினாள். அம்பு வழுக்கிக்கொண்டு திரைக்கு வெளியே போய்விட்டது. சரி என்று கம்பி வைத்த மௌஸ் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அதைத் தரையில் விரித்திருந்த கம்பளியின் மேல் வைத்தால், சிவப்பு வளைவும் கறுப்புக் கொம்புமாக இருந்த பூவேலையைப் பார்த்து அது மிரண்டு ஆட்டுக்கிடாய் போலத் துள்ளியது. ரொட்டிப் பலகை வழவழப்பாகத்தான் இருந்தது, ஆனால் ரொட்டி வைக்கிற இடத்தில் எலி பேர் கொண்ட சாமானை வைப்பாளா ஜிபார்? கடைசியில் டீ தட்டைக் கவிழ்த்து அதன் முதுகில் ஓட்டினாள். ஓடியது.

சேமிப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி, "நான் ஏன் குழந்தைகளுக்குக் கற்பிக்க விரும்புகிறேன்" என்று ஒரு பக்கம் அடித்தாள். மாடு கத்தியது. மூடியைச் சாத்திவிட்டு ஓடினாள். திரும்பி வந்தபோது பக்கம் இல்லை.

"எங்கடி வெச்ச?" என்றாள் குமுஷாய்.

"இதுக்குள்ளதான்."

"இதுக்குள்ளன்னா? உன் கல்யாணப் பெட்டிக்குள்ள துணியை மடிச்சுத்தானே வைப்ப? வாசல்ல நின்னு வீட்டுக்குள்ள வீசி எறிஞ்சா துணி பெட்டியில போய் உக்காருமா? முதல்ல ஒரு பேர் வை. அப்புறம் எந்தப் பெட்டின்னு சொல்லு. அப்புறம் மாட்டைப் பார்க்கப் போ."

தொலைந்த பக்கத்தில் என்ன எழுதியிருந்தாள் என்று ஜிபார் யாருக்கும் சொல்லவில்லை. மறுநாள் முதலிலிருந்து அடித்தாள். வரி பாதி போவதற்குள் சேமித்தாள். பிறகு ஒவ்வொரு சொல்லுக்கும் சேமித்தாள். மூச்சு விடுவதையும் சேமிப்பாள் போலிருந்தது.

இன்னொரு சிக்கலும் இருந்தது. அந்த வீட்டில் இணையம் பிடிக்கிற இடம் ஒன்றே ஒன்று, வாசலுக்கு நேர் எதிரே, ஜன்னலை ஒட்டிய மேலிடம். வீட்டுக்குப் பெரியவர் என்பதால் அது சகின்பெக் உட்காருகிற இடம். மருமகள் மாமனாரின் இடத்தில் உட்கார மாட்டாள். அவருக்கு முதுகு காட்டியும் உட்கார மாட்டாள். ஆகவே ஜிபார் ஜன்னலுக்குக் கீழே, பக்கவாட்டில், மண்டியிட்டு, கவிழ்த்த வாளியின் மேல் மடிக்கணினியை வைத்துப் பழகினாள். குமுஷாய் அலுவலகத்திலிருந்து அழைத்துப் பார்த்தபோது திரையில் பாதி உத்தரமும் ஒரு நெற்றியும் தெரிந்தன.

"நெத்தி பாஸ், மூக்கு ஃபெயில்," என்றாள் குமுஷாய்.

பெரியவர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே டீ குடிப்பார். ஒரு நாள் கிண்ணத்தை வைத்துவிட்டு எழுந்தார். "ஏம்மா, இந்த இடம் என்ன என் கூடவே கல்லறைக்கு வரப்போகுதா? உக்காரு. நான் கதவுப் பக்கம் போறேன். எனக்கு அங்கதான் அடுப்புச் சூடு." சொல்லிவிட்டு மெத்தையைச் சுருட்டிக்கொண்டு போனார். அந்த வீட்டில் வயதில் பெரியவர் வாசலருகிலும் மருமகள் மேலிடத்திலும் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. நான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பெரியவர் கூச்சத்தில் கோழிக்கு இடம் விட்டுக்கொடுத்தவர்போல உட்கார்ந்திருந்தார்.

தேர்வு நாள் வந்தது. ஜிபார் தலைத்துணியை மாற்றிக் கட்டினாள். கைகளை வெந்நீரில் ஊறவைத்தாள். இணைப்பைத் திறந்தாள். டக் டக் என்று சரியாக வந்தது. கேமரா எரிந்தது, மூக்கு உட்பட முழு முகமும் தெரிந்தது. பிஷ்கெக்கிலிருந்து ஒரு அம்மாள் திரையில் தோன்றி வணக்கம் சொன்னார். கொடுத்த தலைப்பில் ஒரு பக்கம் அடித்தாள், பெயர் வைத்தாள், பெட்டியில் வைத்தாள், இணைத்தாள், அனுப்பினாள். எல்லாம் முடிந்தது. "பிரமாதம்," என்றார் அந்த அம்மாள். "கடைசியா ஒண்ணு. பாஸ்போர்ட்டை முகத்துக்குப் பக்கத்துல பிடிச்சு, குடும்பப் பேரையும் உங்க பேரையும் சத்தமா சொல்லுங்க."

ஜிபார் பாஸ்போர்ட்டைப் பிடித்தாள். வாய் திறக்கவில்லை.

அவள் பாஸ்போர்ட்டில் இருப்பது சகின்பெகோவா. மாமனாரின் பெயர்தான் கணவன் வழியாக அவளுக்குக் குடும்பப் பெயராக வந்திருக்கிறது. நான் வேறு குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள், அவர் பெயரைத் தாராளமாகச் சொல்லலாம். அந்த வீட்டு மருமகள் சொல்ல முடியாது. சொன்னதும் இல்லை. வந்த நாளிலிருந்து அந்தப் பெயரை மட்டும் இல்லை, அந்தப் பெயரின் சாயல் உள்ள சொல்லைக்கூட அவள் நாக்கில் ஏற்றியதில்லை. அவர் பிறந்தபோது அவருடைய தகப்பன் போர்முனையில் இருந்தான், திரும்பி வரவில்லை. அந்த ஏக்கத்தைத்தான் தாய் பிள்ளைக்குப் பெயராக வைத்தாள், எங்கள் மொழியில் சகின் என்றால் ஏங்குவது. அதனால் ஏங்கினேன் என்று எல்லோரும் சொல்கிற சாதாரணச் சொல்லே ஜிபாருக்கு இல்லாமல் போயிற்று. நகரத்துப் பிள்ளைகளோடு போனில் பேசும்போது "கண்ணு உங்களையே தேடுது" என்பாள். மலையிலிருந்து கணவன் இறங்கி வரும்போது "வாசலைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலிக்குது" என்பாள். நேரே சொல்லாமல் எல்லாப் பக்கமும் சுற்றிச் சுற்றி வருவாள்.

"அம்மா, கேக்குதா?" என்றார் திரையிலிருந்த அம்மாள்.

ஜிபார் பாஸ்போர்ட்டைக் கீழே வைத்துவிட்டு அரட்டைப் பெட்டியைத் திறந்து தன் பெயரை முழுவதும் எழுதி அனுப்பினாள். விரலுக்குத் தடை இல்லையே.

"எழுதினது தெரியுதும்மா. குரல் வேணும். ஒருத்தருக்குப் பதிலா இன்னொருத்தர் உக்காந்துடறாங்க. அதுக்குத்தான் இந்த விதி."

ஜிபாரின் முகம் சிவந்து கண் நிறைந்துவிட்டது. அவ்வளவுதான், கதவருகே இருந்தவருக்குப் பொறுக்கவில்லை. கிண்ணத்தை உருட்டிவிட்டு எழுந்தார். "அவ பேரு சகின்பெகோவா ஜிபார்! என் மருமக! இந்த மலையிலேயே கெட்டிக்காரி! நான்தான் சகின்பெக், நான் சொல்றேன், எழுதிக்கங்க!"

திரையிலிருந்த அம்மாள் பெருமூச்சு விட்டார். "ரூம்ல வேற ஆள் இருக்காங்க. இந்தத் தேர்வு செல்லாதும்மா. மன்னிச்சுக்கங்க. வெள்ளிக்கிழமை இன்னொரு வாய்ப்பு தரேன். அதுவே கடைசி. தனியா இருக்கணும்."

திரை இருண்டது. பெரியவர் நின்ற இடத்திலேயே நின்றார். "நான் உதவிதானே செஞ்சேன்?" என்றார். ஜிபார் தலையைக் குனிந்து, உருண்ட கிண்ணத்தை எடுத்துத் துடைத்து, அவருக்கு இன்னொரு டீ ஊற்றினாள்.

அன்று மாலை அவர் ஊர் முழுக்க நடந்து, எதிர்ப்பட்டவரிடமெல்லாம் தன் வாயைத் தானே திட்டினார். பிறகு வீட்டுக்கு வந்து மருமகளிடம் சொன்னார். "நானே சொல்றேன், கேட்டுக்க. என் பேரை நீ சொல்லலாம். சத்தமா சொல்லலாம். பாவம் இருந்தா அது எனக்கு. போதுமா?"

"சரி, அத்தா," என்றாள்.

அவர் அனுமதி கொடுத்துவிட்டார், நாக்கு கொடுக்கவில்லை. மறுநாள் காலை மாட்டுத்தொழுவத்தில் குமுஷாயும் ஜிபாரும் கதவைச் சாத்திக்கொண்டு பயிற்சி செய்தார்கள். குமுஷாய்க்கும் அவர் மாமனார்தானே.

"நீங்க முதல்ல சொல்லுங்க, அக்கா."

"நானா? சரி. சகி..." குமுஷாய்க்கு இருமல் பிடித்துக்கொண்டது. "தூசிடி. வைக்கோல் தூசி."

"ஆபீஸ்ல என்ன பண்ணுவீங்க?"

"கையெழுத்துப் போடுவேன். பேனாவுக்கு ஏது நாக்கு? போன்ல கணக்கர் குமுஷாய்ம்பேன். நீ சொல்லு. மாட்டைப் பார்த்துச் சொல்லு, அது யார்கிட்டயும் போய்ச் சொல்லாது."

ஜிபார் மாட்டின் முகத்தைப் பார்த்தாள். உதடு குவிந்தது. வந்தது சிரிப்பு. இரண்டு பேரும் வைக்கோலில் சாய்ந்து வயிறு வலிக்கச் சிரித்தார்கள். குமுஷாய் சிரித்து முடித்துப் பார்த்தபோது ஜிபார் அழுதுகொண்டிருந்தாள்.

"அக்கா, அந்தச் சின்ன நாற்காலிக்கெல்லாம் கால் அடியில ரப்பர் போட்டிருக்கான். தள்ளினா சத்தமே வராது. நான் தள்ளிப் பார்த்தேன்."

"அதுக்கு ஏண்டி அழற?"

"தெரியலை. யாரோ உக்காரணும் அதுல. எழுந்திரிச்சு என்னை டீச்சரக்கான்னு கூப்பிடணும். ரொம்ப நாளா காது அதுக்காகவே திறந்து கிடக்கு."

குமுஷாய் அதற்கு மேல் கேலி பேசவில்லை.

வெள்ளிக்கிழமை. வீட்டில் யாரும் இருக்கக்கூடாது. பெரியவர் காலையிலேயே நரித்தோல் தொப்பியை மாட்டிக்கொண்டு குதிரைமேல் ஏறினார். ஆற்றைக் கடந்து, பாலத்தையும் தாண்டி, அந்தப் பக்கத்துக் குன்றில் போய் நின்றார். தன் நிழல்கூட அந்த வீட்டின்மேல் விழக்கூடாது என்று சூரியன் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்துப் பார்த்துக் குதிரையை நகர்த்தினார். பனியில் அசையாமல் நின்ற அவரைச் சிலை என்று நினைத்து ஒரு கழுகு தோளில் வந்து உட்கார்ந்தது. இங்கே ஜிபார் மேலிடத்தில், ஜன்னலுக்கு முதுகைக் காட்டி, தனியாக. பக்கத்தை அடித்தாள், சேமித்தாள், அனுப்பினாள். பாஸ்போர்ட்டைத் தூக்கிப் பிடித்தாள். மூச்சை இழுத்து, "சகின்பெகோவா ஜிபார்!" என்று ஒரே மூச்சில் சொன்னாள் பாருங்கள், கூரையில் இருந்த பனி முழுக்க ஒரே சரிவாய்ச் சரிந்து முற்றத்தில் விழுந்தது. பிஷ்கெக் அம்மாள் பயந்துபோய்த் தன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். சேர்த்துக்கொண்டோம் என்று அன்றைக்கே செய்தி வந்தது. அந்தச் சின்ன நாற்காலிகளில் இப்போது யார் உட்காருகிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும், உங்கள் பேரப்பிள்ளைகள்தானே...

"பெரியம்மா, கொஞ்சம் நிறுத்துங்க." ஜிபார் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். "பனி சரிஞ்சது, கழுகு வந்து உக்காந்தது, எல்லாம் இருக்கட்டும். அவர் ஆத்தைத் தாண்டவே இல்லை. குதிரையை வேலியில கட்டிட்டு ஜன்னலுக்கு வெளியிலதான் நின்னாரு. எனக்கும் தெரியாது. நான் ஒரே மூச்சுல சொல்லவும் இல்லை. பயத்துல மைக்கை அணைச்சுட்டு, ஒரு தடவை சொல்லிப் பார்ப்போம், வாயில வருதான்னு, அவர் பேரை மெதுவா சொன்னேன். அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட ஆளுங்கல்லாம் போயி எத்தனை வருஷமோ. வெளியில இருந்து உடனே, 'ஓய், இங்கதான் இருக்கேன், சொல்லு'ன்னாரு."